அறுந்த பெல்ட்டைக் குப்பையில் போடமுன் ஒருக்கால் பாருங்கள்

வண்டி ஸ்டார்ட்டில் நிற்கிறது. முறுக்கினால் எஞ்சின் அலறுகிறது. பின்சில்லு மட்டும் அசையவில்லை. மட்டக்களப்பில் மண்முனைப் பாலத்தில் நின்றாலும் சரி, கல்முனை பஸ் நிலையத்தடியில் நின்றாலும் சரி, ஸ்கூட்டி ஓட்டுகிற பலருக்குப் பழகிப்போன காட்சி இது. தள்ளிக்கொண்டு கராஜுக்குப் போய் இடப்பக்கக் கவரைக் கழற்றினால் கறுப்புத் தும்பும் நூலுமாகக் கொட்டும். “பெல்ட் அறுந்திட்டு” என்பார் மெக்கானிக். நாங்கள் உடனே கேட்பது, “புதுசு என்ன விலை?”

ஏன் அறுந்தது என்று கேட்பவர்கள் குறைவு. அதனால்தான் சிலருக்கு ஒரே வண்டியில் பெல்ட் திரும்பத் திரும்ப அறுகிறது. கடைசியில் பெல்ட் விற்ற கடைக்காரருக்குத் திட்டு விழுகிறது. பெல்ட் தன்பாட்டில் அறுவது அரிது. வேறெங்கோ இருக்கிற ஒரு பிழை அதை அறுக்கிறது. அந்தப் பிழை என்ன என்பதும் பெரும்பாலும் அறுந்த துண்டிலேயே பதிந்திருக்கும்.

முதலில் இந்தப் பெல்ட் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். மோட்டர் சைக்கிளில் காலால் மாற்றுகிற கியர் இருக்கிறது, செயின் இருக்கிறது. ஸ்கூட்டியில் இரண்டும் இல்லை. முன்னால் எஞ்சின் தண்டில் ஒரு கப்பி, பின்னால் சில்லுப் பக்கம் ஒரு கப்பி, இரண்டையும் சுற்றி ஒரு ரப்பர் பெல்ட். கப்பி என்றால் கிணற்றுக் கப்பிபோல ஒரே துண்டு அல்ல. இரண்டு கோப்பைத் தட்டுகளை அடியோடு அடி சேர்த்து வைத்தால் நடுவில் ஒரு வி வடிவப் பள்ளம் வருமல்லவா, அப்படி இரண்டு பாதி. ஒரு பாதி அசையாது. மற்றப் பாதி கிட்ட வரும், விலகிப் போகும்.

முன் கப்பிக்குள் சின்னச் சின்ன உருளைகள் இருக்கின்றன. கராஜில் ‘ரோலர்’ என்பார்கள், பெரும்பாலான ஸ்கூட்டிகளில் ஆறு. எஞ்சின் வேகமாகச் சுற்றச் சுற்ற இவை வெளிப்பக்கம் தள்ளப்பட்டு, அசைகிற பாதியை மற்றதோடு நெருக்கும். பள்ளம் ஒடுங்க, நடுவில் இருக்கிற பெல்ட் வெளிவிளிம்பை நோக்கி ஏறும். பெல்ட்டின் நீளம் மாறாது. ஆகவே முன்னால் ஏறிய அளவுக்குப் பின்னால் இறங்கவேண்டும். பின் கப்பி தன் ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு திறந்து இடம் விடும். புறப்படும்போது முன்னால் சின்ன வட்டம், பின்னால் பெரிய வட்டம்: இழுவை கூட, வேகம் குறைவு. ஓடத் தொடங்கினால் இது தலைகீழாகும். முதல் கியரிலிருந்து கடைசிக் கியர் வரைக்கும் இடையில் வெட்டே இல்லாமல் போகிற மாதிரி.

இந்த ஏற்பாடு புதிதல்ல. நெதர்லாந்தில் ஹூப் வான் டோர்னே என்பவர் 1958 இல் டாஃப் என்ற சின்னக் காரில் இதே முறையைப் போட்டு அறிமுகப்படுத்தினார். மறு வருடம், 1959 இல், கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வல்கூர் என்ற ஊரில் ஜோசப் அர்மான் பொம்பார்டியே ‘ஸ்கி டூ’ என்ற பெயரில் சின்னப் பனிவண்டியை இறக்கினார். சில்லுக்குப் பதில் அடியில் அகலமான ரப்பர்ப் பட்டி, முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை. ஸ்னோமொபைல் என்று சொல்வது இதைத்தான். இன்றைக்கு ஓடுகிற பனிவண்டிகளுக்குள்ளும் இரண்டு கப்பியும் ஒரு பெல்ட்டும்தான். டொரொன்டோவிலோ மொன்றியலிலோ சொந்தக்காரர் இல்லாத வீடு எங்கள் பக்கம் குறைவு. குளிர்காலத்தில் அவர்கள் அனுப்புகிற வீடியோவில் உறுமிக்கொண்டு போகிற அந்த வண்டியும், ஆரையம்பதிச் சந்தையில் மீன் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிற ஸ்கூட்டியும் உள்ளுக்குள் உறவுதான்.

ஒரு முக்கியமான வித்தியாசம் மட்டும் இருக்கிறது. ஸ்கூட்டியில் எஞ்சின் ஸ்டார்ட்டானதும் பெல்ட் சுற்றத் தொடங்கிவிடும். சில்லோடு இணைக்கும் வேலையைப் பின் கப்பியோடு இருக்கிற தனிக் கிளச் பார்க்கும். புறப்படும்போது வருகிற வழுக்கலை அந்தக் கிளச்சின் பட்டைகள் தாங்கிக்கொள்கின்றன. பனிவண்டியில் அப்படித் தனிக் கிளச் இல்லை. எஞ்சின் சும்மா ஓடும்போது முன் கப்பி விரிந்து பெல்ட் தளர்வாகக் கிடக்கும். முறுக்கியதும் கப்பி மூடிப் பெல்ட்டைக் கவ்வும். ஒவ்வொரு புறப்பாட்டிலும் உரசலைத் தாங்குவது பெல்ட்தான். போதாக்குறைக்கு எங்கள் 110 சிசி ஸ்கூட்டி எட்டுக் குதிரைத்திறன் அளவில் இழுக்க, பெரிய பனிவண்டி 150 குதிரைத்திறனுக்கும் மேலே போகும். ஆகவே அங்கே பெல்ட் சில ஆயிரம் கிலோமீற்றரிலேயே முடிந்துபோகிறது. ஓட்டுகிறவர்கள் பொனட்டுக்கடியில் ஒரு புதுப் பெல்ட்டைக் கட்டிவைத்துக்கொண்டுதான் காட்டுக்குள் போவார்கள். வழியில் அறுந்தால் பின் கப்பியை விரித்து, கப்பியைக் கழற்றாமல் கையாலேயே மாட்டிவிடலாம்.

அடிக்கடி அறுவதால் ஏன் அறுகிறது என்ற அறிவும் அவர்களிடம் கூட. அதில் எங்களுக்கு உதவுவது நிறைய இருக்கிறது.

அந்த அறிவின் சாரம் சூடு. பனிக்குள் ஓடுகிற வண்டியின் பெல்ட் சூட்டால் சாகிறது என்றால் நம்பக் கஷ்டம். ஆனால் கப்பிக்கும் பெல்ட்டுக்கும் இடையே வழுக்கல் வந்தால் அங்கேயே சூடு பிறக்கிறது; வெளியே பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை குளிர் இருந்தாலும், மூடிய கூட்டுக்குள் அந்தச் சூடு நின்றுவிடும். பெல்ட்டின் உடம்பு ரப்பர். உள்ளே பலம் தருவது நீளவாக்கில் ஓடுகிற நூல். தரமான பெல்ட்டில் அது கெவ்லார் வகை நார். சூடு ஏறினால் ரப்பர் இறுகிப் பளபளப்பாகும். பளபளத்த பக்கம் இன்னும் வழுக்கும். வழுக்கினால் இன்னும் சூடு. பெல்ட்டின் சூடு 10 பாகை செல்சியஸ் கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் உள்ளவர்கள் வைத்திருக்கிற கைக்கணக்கு. இதை அறிந்தால் மற்றதெல்லாம் விளங்கும்.

இனி அந்தத் துண்டைக் கையில் எடுப்போம். கவரைக் கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள், துண்டுகளைக் கூட்டித் தள்ள விடாதீர்கள்.

பெல்ட்டின் இரண்டு பக்கமும் கண்ணாடிபோல் மினுங்கினால், நெடுநாளாக வழுக்கி ஓடியிருக்கிறது. பாரம் கூடியிருக்கலாம், காற்றோட்டம் அடைபட்டிருக்கலாம், பின் ஸ்பிரிங் சோர்ந்திருக்கலாம். முழுப் பெல்ட்டும் நன்றாயிருந்து ஓரிடத்தில் மட்டும் இரண்டு பக்கமும் கருகி இடுப்பு ஒடுங்கியிருந்தால் கதை வேறு: சில்லு அசையாமல் நிற்க, எஞ்சினை முறுக்கியிருக்கிறார்கள். பெல்ட் அசையாமல் நிற்க, கப்பி சுற்றிச் சுற்றி அந்த ஓரிடத்தையே தின்றிருக்கிறது. பனிவண்டிக்காரருக்கு இது அத்துப்படி. இரவில் அடிப்பட்டி பனியோடு உறைந்து ஒட்டியிருக்கும்; விடிய வந்து அதைக் கிளப்பி விடாமல் முறுக்கினால் பெல்ட் அன்றைக்கே முடிந்துபோகும். அதனால் முதலில் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி ஆட்டிவிட்டு, சில நிமிடம் மெதுவாக ஓடிப் பெல்ட் இளகிய பிறகுதான் வேகம் எடுப்பார்கள். எங்களுக்கு உறைபனி இல்லை. நாவலடிக் கடற்கரை மணல் இருக்கிறது, மாரியில் படுவான்கரை வயல்வரம்புச் சேறு இருக்கிறது. சில்லுப் புதைந்தால் இறங்கித் தள்ளுங்கள். இருந்தபடி முறுக்கினால் ஸ்கூட்டியில் முதலில் கருகுவது கிளச் பட்டை. விடாமல் முறுக்கினால் பெல்ட்டும் கூடப் போகும்.

உட்பக்கப் பல்லின் அடியில் குறுக்காக வெடிப்பு இருந்தால் பெரும்பாலும் வயது. பல்லே கழன்று விழுந்திருந்தால் வயதோடு சூடு சேர்ந்திருக்கிறது, அல்லது திடீர் அதிர்ச்சி. குறுக்காகக் கத்தியால் வெட்டியதுபோல் ஒரே இடத்தில் துண்டாகியிருந்தால், பூட்டும்போதோ கடையில் தொங்கியபோதோ எங்கோ மடிந்து நூல் முறிந்திருக்கச் சாத்தியம் அதிகம். புதுப் பெல்ட்டை நாலாக மடித்துக் காற்சட்டைப் பையில் செருகிக்கொண்டு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாவம் அந்தப் பெல்ட்.

தொட்டால் பிசுபிசுத்து ஊதியிருந்தால் ஒயில். எஞ்சின் தண்டின் சீல், அதாவது ஒயிலை வெளியே விடாமல் தடுக்கிற ரப்பர் வளையம், கசிகிறதா, பின் கியர்ப்பெட்டியின் சீல் கசிகிறதா என்று பார்க்கவேண்டும். மூன்றாவது ஒரு வழியும் உண்டு: பின் கப்பிக்குக் கிறீஸ் பூசினவர் கை தாராளமாகப் பூசியிருந்தால், சுற்றும்போது அது பெல்ட்டில் தெறிக்கும்.

ஒரே ஒரு ஓரத்தில் மட்டும் நூல் கிளம்பியிருந்தால் இரண்டு கப்பியும் நேர்கோட்டில் இல்லை என்று பொருள். களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு கராஜில் காதில் விழுந்த பேச்சு இது:

“டீச்சர், போன முறை போட்ட பெல்ட் நல்ல பெல்ட்தான். இஞ்ச பாருங்க, ஒரு பக்கந்தான் நூல் கிளம்பியிருக்கு. மற்றப் பக்கம் புதுசு மாதிரி.”

“அப்ப ஏன் தம்பி அறுந்த?”

“பின் கப்பி ஆடுது டீச்சர். பெயாரிங் போயிட்டு. அத மாத்தாமப் பெல்ட்ட மட்டும் போட்டுத் தந்தா மறுகாவும் தள்ளிக்கித்துத்தான் வருவீங்க.”

அப்படிச் சொல்கிற மெக்கானிக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

எங்கள் ஊருக்கென்று சில சங்கடங்கள் இருக்கின்றன. தரை மட்டம், ஏற்றம் என்றால் கல்லடிப் பாலத்தைத்தான் காட்டவேண்டும். ஆகவே மலைநாட்டு ஸ்கூட்டிகள் படுகிற பாடு இங்கே இல்லை. அதற்குப் பதிலாக மணல், வெள்ளம், சுட்டுக்கொண்டு வீசுகிற கச்சான் காற்று. கச்சான் வீசுகிற மாதங்களில் மத்தியான வெயிலில் மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரைக்கும், நூறு கிலோமீற்றர் சுமாருக்கு, முழு முறுக்கில் ஒரே மூச்சாய்ப் போகிற இளசுகள் உண்டு. பெல்ட் பெட்டிக்குள் போகிற காற்றே சுட்டுக்கொண்டு போகிறது. முன் கப்பியில் விசிறி இதழ்கள் இருப்பது அந்தக் காற்றை இழுத்துப் பெல்ட்டைக் குளிர்த்தத்தான். சில மாடல்களில் காற்று நுழைகிற வாயில் ஒரு ஸ்பொஞ்ச் இருக்கும். மணலும் தூசியும் சேர்ந்து அது அடைத்துக் கிடந்தால் விசிறி எதை இழுக்கும்? எஞ்சின் ஒயில் மாற்றுகிற நாளில் அந்த ஸ்பொஞ்சையும் எடுத்துத் தட்டச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை. நீண்ட ஓட்டத்தில் கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போவது உங்களுக்கும் நல்லது, பெல்ட்டுக்கும் நல்லது.

வெள்ளம் இன்னொரு மாதிரி. கார்த்திகை, மார்கழியில் ரோட்டில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது அதே காற்று வாயால் தண்ணீர் உள்ளே போகும். நனைந்த பெல்ட் கப்பியைப் பிடிக்காது. எஞ்சின் கத்தும், வண்டி ஊரும். அந்த நேரத்தில் இன்னும் முறுக்குவதுதான் எல்லோருக்கும் வருகிற புத்தி. செய்யாதீர்கள். மேட்டுக்குத் தள்ளி, பெட்டியின் அடியில் தண்ணீர் வடிகிற துளையோ குழாயோ இருந்தால் திறந்து வடியவிட்டு, எஞ்சினை மெல்ல ஓடவிட்டால் சற்று நேரத்தில் காய்ந்து பிடித்துக்கொள்ளும். வெள்ளம் வடிந்ததும் கவரைக் கழற்றிச் சேற்றைத் துடைக்கவேண்டும். உள்ளே காய்ந்த சேறு உப்புத்தாள்போல ரப்பரைத் தேய்க்கும். சர்விஸ் ஸ்டேசனில் தண்ணீர்த் துப்பாக்கியை இடப்பக்கக் காற்று வாய்க்கு நேரே பிடித்தாலும் இதேதான் நடக்கும்.

பாரத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கால் வைக்கிற தட்டில் 50 கிலோ உர மூட்டை, பின்னால் ஒருவர் என்று போனால், புறப்படுகிற ஒவ்வொரு முறையும் கிளச்சும் பெல்ட்டும் அழுகின்றன. போகத்தான் வேண்டும் என்றால் மெதுவாகப் புறப்படுங்கள். கெடுக்கிற இன்னொரு பழக்கம், ரயில் கடவையில் நிற்கும்போது ஒரு கையால் பிறேக்கைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சும்மா முறுக்கி முறுக்கி விடுவது.

வண்டிகளுக்கு வயதாகிவிட்டது என்பதையும் மறக்கக்கூடாது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல்தான் திரும்பத் திறந்தது. எங்கள் ரோட்டில் ஓடுகிற ஸ்கூட்டிகளில் பல அதற்கு முந்தியவை. கை மாறி வந்த வண்டியில் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாது. கூடவே 2022 இல் பெற்றோல் இல்லாமல் கிழமைக்கணக்கில் மூலையில் நின்றவை. ஓடாமல் நின்றாலும் ரப்பர் முதிரும்; கப்பியைச் சுற்றி வளைந்து கிடந்த வடிவத்திலேயே இறுகும். அப்படி ஒரு வண்டி வாங்கினால் எதற்கும் ஒருமுறை கவரைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. பொதுவாக 20,000 க்கும் 25,000 க்கும் இடைப்பட்ட கிலோமீற்றரில் மாற்றுவது வழக்கம். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது கூட வந்த புத்தகத்தில் இருக்கும். அந்தக் கணக்கும் பக்குவமாக ஓட்டுகிறவர்களுக்குத்தான். மணலிலும் பாரத்திலும் ஓடுகிற வண்டிக்கு அதில் பாதியிலேயே திறந்து பார்க்கவேண்டும்.

அறுவதற்கு முன் பெல்ட் சொல்லிவிட்டுத்தான் அறும். புறப்படும்போது ஒரு வெட்டு, அல்லது நடுக்கம். முன்னைய வேகம் எட்டாமை. முறுக்கியதற்கும் வண்டி எடுப்பதற்கும் இடையில் ஒரு தாமதம். ரப்பர் கருகிய மணம். பக்கம் தேய்ந்து ஒடுங்கிய பெல்ட் முன் கப்பியின் விளிம்பு வரைக்கும் ஏறாது, அதுதான் வேகம் குறைவதற்குக் காரணம். ஸ்கூட்டிப் பெல்ட்டின் அகலம் புதிதாய் இருக்கும்போது ஏறத்தாழ 20 மில்லிமீற்றர். அதில் ஒரு மில்லிமீற்றர் தேய்ந்தாலே மாற்றுகிற நேரம் வந்துவிட்டது. கண்ணால் பிடிபடாது, அளவுகோல் வைத்துத்தான் பார்க்கவேண்டும். ரோலர்களில் ஒரு பக்கம் தட்டையாகியிருந்தாலும் வேகம் இதேபோல் குறையும், கூடவே ஒரு கடகடப்பு வரும். பெல்ட் மாற்றும்போது ரோலரையும் கையில் எடுத்து உருட்டிப் பாருங்கள். லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரம் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் பெல்ட் கீச்சிட்டால் இறுக்கிவிடுவீர்கள். ஸ்கூட்டியில் இறுக்குவதற்கு நட்டே இல்லை. பின் கப்பி ஸ்பிரிங்தான் இறுக்கம் கொடுக்கிறது. வழுக்குகிறது என்று பசையோ மெழுகோ பூசவும் கூடாது.

புதுப் பெல்ட் பூட்டுகிற இடத்தில்தான் பாதிப் பெல்ட்டுகளின் தலைவிதி எழுதப்படுகிறது என்பது என் எண்ணம். முதலில் பழைய நூல் துண்டு ஒன்றுகூட உள்ளே மிஞ்சக்கூடாது. முன் தண்டில் சுற்றிக்கொண்ட நூல் சீலை அறுத்தால் ஒயில் கசிந்து புதுப் பெல்ட்டையும் கெடுக்கும். கிக்கரின் பல்லுக்குள்ளும் துண்டு சிக்கியிருக்கலாம். கப்பியின் முகங்களைத் தின்னர் தொட்ட சுத்தமான துணியால் துடைக்கவேண்டும். தடவிப் பார்த்துப் பள்ளமோ வரியோ தட்டுப்பட்டால் கப்பிக்கும் வேலை இருக்கிறது. பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் அது சில்லுச் சுற்றுகிற திசையைப் பார்க்கவேண்டும். கிறீஸ் கையோடு பெல்ட்டைத் தொடவே கூடாது.

அடுத்தது நுணுக்கமான கட்டம். நல்ல மெக்கானிக் பின் கப்பியின் இரண்டு பாதியையும் கையால் விரித்து, பெல்ட்டை அதன் பள்ளத்துக்குள் ஆழமாக அமுக்குவார். அப்போது முன்பக்கம் பெல்ட் தளர்ந்து தொங்கும். அதற்குப் பிறகுதான் முன் கப்பியின் வெளித்தட்டை வைத்து நட்டை இறுக்குவார். அவசரக்காரர் அமுக்காமலே இறுக்கினால், தட்டு தண்டின் அடியில் போய் உட்காராமல் பெல்ட்டைக் கவ்விக்கொண்டு நிற்கும். நட்டு இறுகியதுபோலத் தோன்றும். ஓடத் தொடங்கிப் பெல்ட் தளர்ந்ததும் நட்டும் தளரும். பிறகு பெல்ட் மட்டுமல்ல, தண்டின் பல்லே போகும். அந்தச் செலவைக் கேட்டால் தலை கிறுகும்.

பூட்டிய பிறகு முதல் எண்பது, நூறு கிலோமீற்றர் முழு முறுக்கு வேண்டாம். பனிவண்டிக்காரர் தவறாமல் செய்கிற காரியம் இது. புது ரப்பரின் பக்கங்கள் கப்பியோடு ஒத்துப் பதிய அந்த நேரம் வேண்டும்.

வழியில் அறுந்தால் என்ன செய்வது? பனிவண்டிபோல வீதியோரத்தில் கையால் மாட்டும் வித்தை ஸ்கூட்டியில் நடவாது. முன் நட்டைக் கழற்றக் கராஜ் ஆயுதம் தேவை. ஆகவே சீட்டுக்கடியில் புதுப் பெல்ட்டைச் சுருட்டி வைத்திருப்பதில் பெரிய பயனில்லை, எஞ்சின் சூட்டில் அது முதிர்வதுதான் மிச்சம். எஞ்சினை நிறுத்துங்கள். திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீர்கள், துண்டுகள் இன்னும் ஆழமாய்ச் சுற்றும். சில்லு இறுகி நிற்காவிட்டால் வண்டி இலேசாகத் தள்ளுப்படும். கராஜில் பழைய துண்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பூட்டி முடிந்ததும், கவரை மூடமுன், அன்றைய திகதியையும் மீற்றரில் உள்ள கிலோமீற்றரையும் கவரின் உட்பக்கத்தில் பெயின்ட் பேனையால் எழுதிவிடச் சொல்லுங்கள். அடுத்த முறை திறக்கிறவர் யாராக இருந்தாலும் அது முதலில் கண்ணில் படும்.